சபுராளியின் கைப்பேசி: இணைய இணைப்பும் ஓர் அமானிதமே





சென்ற மாதம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. அனுப்பியவர் என்னிடம் ஓதிய பழைய மாணவர். வேலைக்காகத் துபை சென்று நாற்பது நாட்கள்தாம் ஆகியிருந்தன. தேரா பகுதியில் எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு மேல்கட்டில் அவருடைய இருப்பிடம்.

“ஹஜ்ரத், வந்ததிலிருந்து உம்மாவை முகம் பார்த்துப் பேச முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அழைத்தால் மணி அடிக்கிறது, எடுத்தால் குரல் வருவதில்லை. விபிஎன் போட்டுக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் அறையில் இருப்பவர்கள். கீழே உள்ள கடையின் வைஃபை கடவுச்சொல்லும் ஒருவருக்குத் தெரியும், தருகிறேன் என்கிறார். இதெல்லாம் கூடுமா ஹஜ்ரத்?”

கூடாது என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால், அந்தப் பதிவின் முடிவில் அவருடைய குரல் தழுதழுத்தது. நாற்பது நாட்களாகத் தாயின் முகத்தைக் காணாத ஒரு பிள்ளையிடம் “கூடாது” என்று மட்டும் சொல்லி நிறுத்துவது மார்க்கத்தைப் பாதியாகச் சொல்வதாகும். எது கூடும், எப்படிக் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

ஒலிநாடாவிலிருந்து குரல் பதிவு வரை

நான் சிறுவனாக இருந்த 1980களில் எங்கள் தெருவில் சபுர் போனவர்களின் வீடுகளுக்கு வாரக்கணக்கில் தாமதித்தே கடிதங்கள் வரும். எழுத்தறியாத உம்மாமார்கள் அதை எடுத்துக்கொண்டு ஓதத் தெரிந்த பிள்ளைகளைத் தேடி வருவார்கள். சில வீடுகளுக்கு ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் ஒலிநாடா வரும். டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்துக் குடும்பமே சுற்றி அமர்ந்து கேட்கும். ஸலாம் சொல்லித் தொடங்கும் அந்தக் குரல் ஒவ்வொருவர் பெயராக அழைத்து நலம் விசாரிக்கும். சிலர் அதனோடு பேசவும் செய்வார்கள். “நான் நல்லாத்தான் இருக்கேன் வாப்பா” என்று ஒலிநாடாவுக்குப் பதில் சொன்ன மூதாட்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

பின்னர் ஐஎஸ்டி பூத் வந்தது, அழைப்பு அட்டைகள் வந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறையில் வரிசையில் நின்று, ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசி முடித்த தலைமுறை நம் வாப்பாமார்களின் தலைமுறை. இன்று அவர்களுடைய பிள்ளைகள் சட்டைப்பையில் இணையத்தை வைத்திருக்கிறார்கள். இது அல்லாஹ்வின் அருட்கொடை என்பதில் ஐயமில்லை. அருட்கொடைக்குக் கணக்கும் உண்டு என்பதே நாம் மறந்துவிடும் செய்தி.

இது ஆடம்பரமா, தேவையா?

நம் மஹல்லாக்களில் சில பெரியவர்கள், “சம்பாதிக்கப் போனவனுக்கு நெட் எதற்கு? அதில் கொட்டும் காசை வீட்டுக்கு அனுப்பினால் ஆகாதா?” என்று கேட்பதுண்டு. அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. எனினும், இக்கருத்தோடு நான் உடன்படவில்லை.

பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது மனிதனின் உணவையும் நீரையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது, ஆகவே வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. உமர் (ரழி) அவர்கள் ஓர் இரவில் மதீனாவின் தெருவில் நடந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டார்கள் என்றும், அதன்பின் படைவீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. பிரிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் மார்க்கமல்ல இது. நம் சபுராளிகளோ ஒப்பந்தப்படி ஓராண்டோ ஈராண்டோ கழித்தே திரும்ப முடிகிறது. அவர்களால் விரைந்து திரும்ப இயலாதபோது, குரலாவது முகமாவது வீடு சேர வேண்டாமா?

மனைவி மக்களுக்கு உணவு, உடை, உறைவிடம் அளிப்பது கடமையான நஃபகா என்பதை நாம் அறிவோம். அதன் அளவை அந்தந்தக் காலத்தின், ஊரின் வழக்கத்தைக் கொண்டு தீர்மானிப்பது ஃபிக்ஹு அறிஞர்களின் நெறி. வெளியூரில் வாழும் ஒருவர் குடும்பத்தோடு பேசுவதற்குச் செய்யும் நியாயமான செலவையும் இன்று அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அறை வாடகை, மெஸ் பணம் ஆகியவற்றோடு இதையும் முதல் மாதத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். அப்படி ஒதுக்காதவர்களே பின்னர் இரவல் இணைப்புகளைத் தேடி அலைகிறார்கள்.

குடும்பத்தின் உரிமையாக வாங்கிய டேட்டாவில் முதல் பங்கு யாருக்கு என்பதும் இதிலிருந்தே விளங்கும். உம்மாவுக்கும் மனைவிக்கும் பேசும் முன்பே பாதி மாதத்தில் அது தீர்ந்துபோனால், அமானிதம் வேறு வழியில் செலவாகிவிட்டது என்று பொருள்.

பிறர் மடியில் கறந்த பால்

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். கடைக்காரரின் வைஃபையை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தலாமா?

“கொஞ்சம் இணையம்தானே, அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?” என்பதே வழக்கமான வாதம். இதற்கு நிகரான ஒன்றை நபி (ஸல்) அவர்கள் தெளிவாகத் தடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய கால்நடையில் அவர் அனுமதியின்றி எவரும் பால் கறக்க வேண்டாம் என்றார்கள். உங்கள் களஞ்சியத்தை ஒருவர் உடைத்து உணவை அள்ளிச் செல்வதை நீங்கள் விரும்புவீர்களா என்ற கருத்தில் கேட்டு, மக்களின் கால்நடை மடிகளும் அவர்களுடைய உணவுக் களஞ்சியங்களே என்று விளக்கினார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் வழியாக புகாரீயிலும் முஸ்லிமிலும் இது இடம்பெற்றுள்ளது. சிந்தித்துப் பாருங்கள். கறந்த பால் மறுநாள் மீண்டும் சுரக்கும். உரிமையாளருக்குப் பெரிய இழப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும், அனுமதி வேண்டும் என்றே மார்க்கம் சொல்கிறது.

வைஃபையில் இழப்பும் உண்டு. பலர் ஏறினால் வேகம் குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த இணைப்பு வழியே எவர் எதைச் செய்தாலும் விசாரணை முதலில் அதன் உரிமையாளரின் பெயரைத் தேடியே வரும் என்பது. ஊர் பெயர் தெரியாத ஒருவர் செய்த தவறுக்கு அந்தக் கடைக்காரர் காவல்நிலையப் படியேற நேரலாம். கேட்டுப் பாருங்கள். தந்தால் ஹலால், மறுத்தால் விலகிவிடுங்கள். உணவகம், பேரங்காடி, விமான நிலையம் ஆகியவை வருவோருக்கென்றே திறந்து வைத்திருக்கும் இணைப்பு வேறு. அங்கே அனுமதி முன்பே இருக்கிறது. ஆனால், அத்தகைய பொது இணைப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது அறிவுடைமை.

அறைக்குள் ஒருவர் வாங்கி ஹாட்ஸ்பாட் மூலம் பங்கிடுவது நம்மவர்களிடம் மிகுதி. ஒற்றுமைக்கு இது அழகுதான். ஆனால், எட்டுப் பேரும் சமமாகப் பணம் கொடுத்து, ஒருவர் மட்டும் இரவெல்லாம் படம் பார்த்துத் தீர்த்துவிட்டால் மற்ற ஏழு பேருக்கும் நேர்வது அநீதி. உயர்தெளிவுக் காணொளி ஒரு மணி நேரம் ஓடினால் 2 அல்லது 3 ஜிபி கூடக் கரைந்துவிடும். குரல் அழைப்பு அதில் மிகச் சிறு பங்கையே எடுக்கும். எனவே, தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: யாருக்கு எவ்வளவு, தீர்ந்தபின் யார் செலவு, ஒருவர் அறை மாறினால் கணக்கு என்ன என்பதை. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளின்படி நிற்பார்கள் என்ற கருத்துடைய ஹதீஸ் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. நண்பர்களுக்குள் கணக்கு எதற்கு என்று தொடங்கிய பங்குதான் பெரும்பாலும் மனக்கசப்பில் முடிகிறது.

விபிஎன் குறித்து

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழி குறுஞ்செய்தியும் குரல் பதிவும் செல்லும். அழைப்புகள் மட்டும் பொதுவாக முடக்கப்பட்டிருக்கின்றன. இணைய அழைப்புச் சேவைக்கு அங்கே உரிமம் வேண்டும். போட்டிம் போன்று அனுமதி பெற்ற செயலிகள் உள்ளன. எவையெவை அனுமதி பெற்றவை, கட்டணம் உண்டா என்பதை உங்கள் சிம் நிறுவனத்தின் கடையிலேயே கேட்டறியலாம். செயலி இரு முனையிலும் இருக்க வேண்டும் என்பதால், ஊரில் உள்ளவர்களின் கைப்பேசியிலும் அதை நிறுவ வேண்டும்.

விபிஎன் என்ற தொழில்நுட்பம் தன்னளவில் குற்றமன்று. அலுவலகங்களும் வங்கிகளும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால், குற்றம் புரிவதற்கோ அதை மறைப்பதற்கோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுவதை 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம் தண்டிக்கிறது. சிறைத் தண்டனையோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாதம் ஆயிரத்துச் சொச்சம் திர்ஹம் ஈட்டும் ஒரு தொழிலாளி, அறைத்தோழர் சொன்னார் என்பதற்காக இந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா? இலவசமாகக் கிடைக்கும் விபிஎன் செயலிகள் பலவற்றை நடத்துவோர் யார், நம் தகவல்களை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

“தடையே ஏழைக்குச் சுமையாக இருக்கிறதே ஹஜ்ரத்” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாயோடு பேசத் துடிப்பவனுக்கு அது சுமைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகள் மீதான தடையைத் தளர்த்தியது. 2020இல் கொரோனா காலத்தில் அமீரகமும் கல்விக்கும் பணிக்குமான பல செயலிகளை அனுமதித்தது. மேலும் தளர வேண்டும் என்று விரும்புவதிலும் துஆ செய்வதிலும் தவறில்லை. ஆனால், விசாவில் கையொப்பமிட்டு ஒரு நாட்டுக்குள் நுழைவது அந்நாட்டோடு செய்யும் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. பாவம் செய்யுமாறு கட்டளையிட்டால்தான் கீழ்ப்படியலாகாது. அனுமதி பெற்ற செயலியில் பேசு என்று சொல்வதில் பாவம் ஏதுமில்லை. வழி இருக்கும்போது வேலி தாண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

சொந்தப் பெயர், சொந்தக் கடன்

ஊர் திரும்புகிறவர் தம் சிம்மை அறையில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டுச் செல்வது வளைகுடாவில் பழைய வழக்கம். இதில் இருவருக்கும் ஆபத்து உண்டு. அங்கே ஒவ்வோர் இணைப்பும் அடையாள அட்டையோடு பிணைக்கப்பட்டது. அட்டை காலாவதியானால் இணைப்பும் துண்டிக்கப்படலாம். பிறர் பெயரிலுள்ள எண்ணில் நாம் செய்யும் செயலுக்கு அவர் பொறுப்பாளியாகிறார். சிறு திட்டமானாலும் நம் பெயரில் வாங்குவதே பாதுகாப்பு.

புதிதாகச் செல்பவர்கள் முன்பணத் திட்டத்தோடு தொடங்குவது நலம். மாதாந்திர பில் திட்டத்தில் தவணைக் கைப்பேசியும் சேர்த்துத் தருவார்கள், கவர்ச்சியாக இருக்கும். ஆனால், அது பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தம், இடையில் விலகினால் அபராதம் உண்டு. வேலை போய் அவசரமாக ஊர் திரும்பும்போது பில்லைக் கட்டாமல் விமானம் ஏறிவிடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். “பெரிய கம்பெனிதானே, போகட்டும்” என்பார்கள். கடன்காரர் ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதை அறிந்து, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரழி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். புகாரீயில் உள்ள இச்செய்தியில், கடன் கொடுத்தவர் செல்வந்தரா ஏழையா என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஊர் எண்ணையும் மறந்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கே வரும். புறப்படும் முன்பே அதில் சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்தி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து எண்ணை உயிரோடு வைத்திருங்கள். பயன்பாடின்றித் துண்டிக்கப்பட்ட எண், 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அதன்பின் உங்கள் வங்கிச் செய்திகளும் தனிப்பட்ட செய்திகளும் அறிமுகமற்ற ஒருவரின் கைக்குச் செல்ல நேரும்.

அறைக்குள் பர்தா

இதை எழுதச் சற்றுத் தயக்கமாகவே உள்ளது. எனினும், எழுதாமல் விடுவது நன்றன்று. எட்டுப் பேர் இருக்கும் அறையில், ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு மனைவியோடு காணொளியில் பேசும் சகோதரர்கள் இருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர் தம் கணவர் மட்டுமே பார்க்கிறார் என்று நம்பி வீட்டு உடையில் இருப்பார். பின்னால் கட்டிலில் படுத்திருப்பவரின் கண்கள் திரையில் விழுவதை அவர் அறியமாட்டார். குடும்பத்தின் மானம் இங்கே கணவரின் கையில் உள்ளது. காதொலிப்பான் மலிவான பொருள், வாங்கிக்கொள்ளுங்கள். மாடிப்படியோ பள்ளிவாசல் முற்றமோ கடற்கரையோ, தனித்துப் பேச ஓரிடம் தேடுங்கள். இடம் கிடைக்காத நாளில் குரலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறையில் பிறர் இருக்கிறார்கள் என்பதை முதல் சொல்லிலேயே மனைவியிடம் தெரிவித்துவிடுங்கள்.

தனிமையின் சோதனையும் உண்டு. விளக்கணைந்த பின் போர்வைக்குள் ஒளிரும் திரையை அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. கைப்பேசியில் நாள்தோறும் செலவாகும் டேட்டாவின் அளவு செயலிவாரியாகப் பதிவாகிறது. வாரம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள். எங்கே நம் பணமும் நேரமும் போயின என்பதை அது மறைக்காமல் சொல்லும். காணொளிகள் தாமாக ஓடுவதையும் படங்கள் தாமாகப் பதிவிறங்குவதையும் நிறுத்தி வைத்தாலே மாத டேட்டாவில் கணிசமான பகுதி மிஞ்சும். ஃபஜ்ர் தொழுகைக்கு எழ முடியாத அளவுக்கு இரவில் திரை பார்ப்பவர், எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் அது அவருக்கு நஷ்டமே.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சகோதரிகளே, தாய்மார்களே! துபை நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் உள்ளது. அங்கே அவர் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு அறைக்கு வரும்போது இங்கே ஒன்பதரை, பிள்ளைகள் உறங்கிவிட்டிருப்பார்கள். “ஆன்லைனில் காட்டியது, ஏன் என்னை அழைக்கவில்லை?” என்று தொடங்கும் சண்டைகள் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. குளித்து, தொழுது, உண்ணும் முன் ஒருவரிடம் விசாரணை வேண்டாம். வாரத்தில் எந்தெந்த நாள், எந்த நேரம் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பணம் வந்ததா, வட்டிக்காரர் வந்தாரா, கூரை ஒழுகுகிறதா என்ற செய்திகளால் மட்டும் அந்த நேரத்தை நிரப்பிவிடாதீர்கள்.

பிள்ளைகள் மதரஸாவில் புதிதாக மனனம் செய்த சூராவை ஓதச் செய்து, குரல் பதிவாக அனுப்புங்கள். அவர் பேருந்தில் செல்லும்போது கேட்டுக்கொள்வார். இதற்குச் செலவாகும் டேட்டா மிக அற்பம்.

மஹல்லாவுக்கு ஒரு வேண்டுகோள்

சபுர் செல்லும் இளைஞருக்கு நாம் துஆ ஓதி, ஸலாம் சொல்லி வழியனுப்புகிறோம். நல்ல மரபு, தொடரட்டும். அதோடு, மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்கி, விடுமுறையில் ஊர் வந்திருக்கும் சபுராளி ஒருவரை அமர்த்திப் புறப்பட இருப்பவர்களுக்குச் சொல்லித்தரச் செய்யலாமே! எந்த சிம் வாங்குவது, எதில் கையொப்பமிடக் கூடாது, எந்தச் செயலியை வீட்டிலேயே நிறுவிவிட்டுப் போவது என்பதை விமானம் ஏறும் முன்பே அறிந்தவர், அங்கே போய் இரவல் கடவுச்சொல் தேடமாட்டார். பள்ளிவாசல் நிர்வாகிகளும் ஜமாஅத் பெரியவர்களும் இதைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாணவருக்கு இவற்றைச் சுருக்கமாகக் குரல் பதிவில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தம் பெயரிலேயே சிறிய டேட்டா திட்டம் ஒன்றை வாங்கினாராம். அனுமதி பெற்ற செயலியை ஊரில் உள்ள தங்கை உம்மாவின் கைப்பேசியில் நிறுவிக் கொடுத்தாராம். “உம்மா என்ன சொன்னார்கள்?” என்று கேட்டேன். “மெலிந்துவிட்டாய், மெஸ் சாப்பாடு சரியில்லையா என்று கேட்டார்கள் ஹஜ்ரத்” என்றார். குரலில் இம்முறை சிரிப்பு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

வெளியூரில் உழைக்கும் நம் சகோதரர்கள் அனைவரின் ஈமானையும் மானத்தையும் சம்பாத்தியத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை விரைவில் நலமோடு ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.